தள்ளுபடி

காலை ஒன்பதரை. அசஹிகாவா.
நீதிமன்ற வாசலில் பார்வையாளர் இருக்கைக்குக் குலுக்கல்.
மணிக்கட்டில் காகிதப் பட்டை, பட்டையில் ஓர் எண்.
நூற்று நாற்பது பேருக்கு முப்பத்தொரு நாற்காலி.
சினோபுவின் பால் ஆலையிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள்.
நால்வருக்கும் விழவில்லை.
தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு
எதிர்க்கடைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள்.

வாதி எண் மூன்று, குனிஹிரோ:
லாரிகளுக்குக் குளிர்கால டயர் மாட்டுபவர்.
வாதி எண் நான்கு, சினோபு:
பாலில் கொழுப்பு அளப்பவர்.
இரண்டு ஆண்கள், இருபத்திரண்டு குளிர்காலம்,
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.
வழக்குத் தாள்களில் பெயர் கிடையாது, எண்தான்.
"பரவாயில்லை, அடுத்தடுத்த எண்தானே" என்றார் சினோபு.
அரசுக் காகிதம் எதிலும்
அவ்வளவு நெருக்கமாக அவர்களை யாரும் எழுதியதில்லை.

வழக்கத்தில் இல்லை என்றது அரசுத் தரப்பு.
அதனால்தானே ஐயா, வழக்கு.

ஆறு வருடம். வாய்தாவுக்கு மேல் வாய்தா.
ஒரு நீதிபதி மாற்றலாகிப் போனார்.
புதியவர் வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார்.
வாதி எண் ஐந்து நவம்பரில் இறந்துபோனார்.
அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை.

திருமணம் என்பது
பிள்ளை பெற்று வளர்ப்பதற்கான ஏற்பாடு என்றார்கள்.
குனிஹிரோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அவருடைய அக்கா அறுபத்து மூன்றாம் வயதில் மறுமணம் செய்தவர்.
நகர அலுவலகத்தில் யாரும் கருப்பையைப் பற்றி விசாரிக்கவில்லை,
முத்திரை குத்தி வாழ்த்துச் சொன்னார்கள்.

கூண்டில் நின்று அவர் பேசியது நான்கு நிமிடம்,
சினோபுவுக்குக் குடல்வால் வெடித்த இரவைப் பற்றி.
"கையெழுத்துப் போட உறவினர் வேண்டும் என்றார்கள்.
நகோயாவில் ஒரு தம்பி இருக்கிறார்,
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
அவர் தொலைபேசியை எடுக்கும்வரை
தாழ்வாரத்தில் நான் இவருடைய பல்செட்டைக்
கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இவருக்குப் பல்செட் இருப்பதே
அந்த உறவினருக்குத் தெரியாது."
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கறிஞர் உராபேயின் பையில் இரண்டு துணிச்சுருள்கள்.
ஒன்றில்: அநீதித் தீர்ப்பு.
மற்றதில்: அரசியலமைப்புக்கு முரண்.
எது என்று தெரிந்ததும் வாசலுக்கு ஓடி
கேமராக்களுக்கு முன் விரிக்க வேண்டும்.
வேகமாக ஓடுபவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நீதிபதி முதல் வரியைப் படித்தார்.
வாதிகளின் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது.
செலவுத் தொகை வாதிகளைச் சேர்ந்தது.

உராபே கதவுவரை போய்விட்டார்.
அங்கேயே நின்றார்.
நீதிபதி தண்ணீர் குடித்துவிட்டுக் காரணங்களைத் தொடங்கியிருந்தார்.
முப்பத்தெட்டாவது நிமிடத்தில், குரலை உயர்த்தாமல்,
இவர்கள் குடும்பமாவதற்கு
ஒரு கதவுகூட வைக்காத சட்டம்
அரசியலமைப்புக்கு முரணானது என்றார்.
நஷ்டஈடு கிடையாது. பதிவேடும் திறக்காது.
ஆனாலும் முரண்.

வெளியே உராபேக்கு விரல் விறைத்து
இரண்டு சுருளும் ஒன்றாக அவிழ்ந்துவிட்டன.
புகைப்படக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

மாலை ஏழரைக்குப் பல்பொருள் அங்காடி.
மீன் பகுதியில் ஒரு பையன்
விலை குறைத்த சீட்டுகளை ஒட்டிக்கொண்டு வருகிறான்.
அவர்கள் மொழியில் நீதிபதி சொன்னது ஒரு சொல்,
இந்தச் சீட்டில் இருப்பது வேறு.
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
அதற்கு நான் பொறுப்பில்லை.

"இன்னும் பத்து நிமிடம் பொறு, பாதி விலைக்கு வரும்"
என்றார் சினோபு.
ஊறுகாய் வரிசைகளுக்கு நடுவே உலாத்தினார்கள்.
வந்தது.

வண்டியின் மேல் நான்கு விரல் உயரப் பனி.
ஒருவர் இடப்பக்கம் துடைத்தார், ஒருவர் வலப்பக்கம்.
மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் இருக்கிறது.
மீனை இன்றிரவே சாப்பிட்டாக வேண்டும்.